மீனுக்குக் கோஸ் இலை

எட்டாம் வகுப்போடு வீட்டைவிட்டுக் கிளம்பியவன் நான். திருப்பூர், எர்ணாகுளம், சூரத் என்று சுற்றியதில் எந்த வேலையும் இவ்வளவு எரிச்சல்படுத்தியதில்லை. சங்கரன்கோவிலில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன் வேலை. படுக்கை மோட்டார் ரூமில். மழை பெய்தால் கட்டிலை நகர்த்திப் போட வேண்டும், அவ்வளவுதான்.

லாட்ஜ் முற்றத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி. முதலாளி அண்ணாச்சி அதில் அல்லி வைக்கச் சொன்னார். பழைய பெயிண்ட் வாளிகளில் களிமண் நிரப்பி, கிழங்கை ஊன்றி, தண்ணீருக்குள் இறக்கினேன். துளிர் வந்த வாரம், தண்ணீர் சும்மா கிடக்கிறதே என்று அவரே ஏழெட்டு மீன் வாங்கி விட்டார். மறுநாள் ஒரு துளிர்கூட மிஞ்சவில்லை.

“கோயில்ல ஆடித் தபசுத் திருநாளுக்கு ரூம் பூரா ஆளு வரும். அதுக்குள்ள பூக்கலன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன் வே,” என்றார்.

“மீனப் பிடிச்சிரட்டுமா, அண்ணாச்சி?”

“மீன் மேல கை வச்சீருன்னா இன்னைக்கே கெளம்பிரும்.”

கிழங்கு மறுபடி துளிர்க்கும் என்று வாளி மண்ணின் மேல் கல் பரப்பினேன். மீன்கள் மூக்கால் உருட்டித் தள்ளின. உடைந்த கோழிக்கூண்டைக் கவிழ்த்து வைத்தேன். கம்பிக்கு வெளியே எட்டிப் பார்த்த இலையை மட்டும் கத்தரியால் நறுக்கியதுபோல் தின்றிருந்தன. பொரி போட்டேன். பொரியையும் தின்றன, இலையையும் தின்றன. தபசுக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

அப்போது தங்க வந்த மீன்குஞ்சு வியாபாரி ஒருவர் தொட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“இது புல்கெண்டைல்லா வே! இலைதான் இதுக்குச் சோறு. தோட்டத்துக்குள்ள ஆட்ட விட்டுட்டு அழுதா எப்பிடி? வேற தழை அள்ளிப் போடும்.”

ஆனி வெயிலில் இந்த ஊரில் புல்லுக்கு எங்கே போவது? தினமும் காலையில் சாக்கோடு காய்கறி மார்க்கெட்டுக்குப் போனேன். கழித்துப் போட்ட கோஸ் இலை, முள்ளங்கி இலை. அதற்கும் போட்டி. ஆடு வளர்க்கிற ஒருத்தி என் சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒங்களுக்கு எத்தன ஆடுண்ணே?”

“ஆடு இல்ல. மீனு.”

“மீனா! வேளைக்கு எத்தன படி கறக்கும்?”

மார்க்கெட்டே சிரித்தது. பாதி இலையை அவளுக்குக் கொட்டிவிட்டு வந்தேன்.

வயிறு நிறைந்த பிறகு மீன்கள் கூண்டுப் பக்கம் அதிகம் வரவில்லை. தபசுக்கு இரண்டு நாள் முன்பு கம்பிக்கு மேலே நாலு இலையும் ஒரு பூவும் நின்றன. அண்ணாச்சியைக் கூட்டிவந்து காட்டினேன். பூவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, நீரு இங்கனயே இரும். ஆனா மீனு என்னமா கொழுத்திருக்கு வே! இன்னும் பத்து வாங்கி விடுவமா?”

இன்னொரு சாக்கு தேடப் போனேன்.