துவக்கில் ஒட்டியிருந்த தகப்பன்

ஸ்டோவ்னர் புறநகரில் எங்கள் மாடிக்கட்டடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து முற்றத்தைத் துப்புரவாக்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அங்கே உட்காரப் போட்டிருந்த ஒரு மரவாங்கைத் தேய்த்து எண்ணெய் பூசினேன். அது பளபளத்தது என் குற்றமல்ல, நல்ல மரம். ஆனால் கீழ்வீட்டுக்காரி, "உமக்கு மரவேலை தெரியுமோ?" என்று கேட்டபோது "ஓரளவு" என்று சொன்னேனே, அதுதான் வினை. எனக்குத் தெரிந்த ஒரே மரவேலை அந்த வாங்கு.

அடுத்த நாள் அவர் ஒரு பழைய வேட்டைத் துவக்கின் கட்டையோடு வந்தார்; தோளில் அணைத்துப் பிடிக்கும் மரப்பகுதி மட்டும். இரும்பெல்லாம் அவர் வீட்டு அலுமாரியில் பூட்டியிருந்தது. அதன் துருவை அவரே துடைப்பாராம். இறந்துபோன தகப்பனின் துவக்கு. தகப்பனின் கூட்டாளிகளோடு முதன்முதலாக எல்க் மான் வேட்டைக்குப் போகப்போகிறார்.

"அழுக்கை மட்டும் எடும். அப்பாவை எடுத்துப்போடாதேயும்," என்றார்.

தலையாட்டினேன். விளங்காததற்குத் தலையாட்டுவதில் எனக்கு இந்த நாட்டில் பல வருட அனுபவம்.

குசினி மேசையில் பேப்பர் விரித்து வைத்துப் பார்த்தால், கட்டை முழுக்கக் கீறல். ஒரு பள்ளம். ஒரு வட்டக்கறை. கன்னம் வைக்கும் பக்கத்தில் கறுப்பாக ஒரு திட்டு. இதில் எது அழுக்கு, எது அப்பா? வட்டம் கோப்பிக் கோப்பை வைத்த அடையாளம், சரி. அந்தக் கோப்பியைக் குடித்தது யார்? சாண்ட்பேப்பரை எடுப்பேன், வைப்பேன்.

"என்னப்பா, துவக்கோடை தியானமோ?" என்றாள் மனைவி.

"அப்பாவைத் தேடுறன்."

"ஆற்றை அப்பாவை?"

"கீழ்வீட்டு மனுசியின்ரை."

"அப்ப அவவைக் கூப்பிட்டுக் கேளுங்கோவன். ஊராற்றை தகப்பனைத் தேய்ச்சுப்போட்டு முழிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ."

கூப்பிட்டேன். வந்தவருக்கும் தெரியவில்லை. பள்ளத்தைத் தடவி, "இது அப்பா," என்றார். யோசித்தார். "இல்லை, சின்ன வயதில் நான் படியில் போட்டதோ?" கீறல்களுக்கு வந்தபோது விரலை எடுத்துக்கொண்டார். அதுவரை நான் ஒருவன்தான் குழம்பியிருந்தேன். இப்போது துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

மனைவி அகப்பையோடு வந்தாள். "தோளிலை வைச்சு, கன்னத்தைச் சாய்ச்சுப் பாக்கச் சொல்லுங்கோ."

சொன்னேன். சாய்த்தார். நெடுத்த பெண், கன்னம் கறுப்புத் திட்டில் படாமல் தள்ளிப் பதிந்தது. மறுபடி சாய்த்தார். அப்போதும் தள்ளித்தான்.

"அப்பா என்னைவிடக் குள்ளம்," என்றார், திட்டைத் தொட்டபடி. "அவர் கன்னம் பட்டுப் பட்டுக் கறுத்தது. இது அவர்தான்."

மற்ற எல்லாவற்றையும் தேய்க்கச் சொன்னார், கோப்பி வட்டத்தையும்தான். பிறகு ஏனோ என்னை மேலும் கீழும் அளந்து, கட்டையை நீட்டினார். தோளில் வைத்தேன். என் கன்னம் அந்தத் திட்டில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

அவர் என்னைப் பார்க்கிறாரா, என் கன்னத்தையா என்றும் விளங்கவில்லை. எடுப்பதா, இன்னும் கொஞ்சம் வைத்திருப்பதா என்று தெரியாமல் அப்படியே நின்றேன். அடுப்பில் கறி அடிப்பிடித்து மணந்த பிறகுதான் மனைவி, "காணும், அவவிட்டைக் குடுங்கோ," என்றாள்.