அசாருதீன் கேட்ட பாட்டு

விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் அசாருதீனைப் பார்த்தால், பாட்டுக்கும் அவனுக்கும் சம்பந்தம் உண்டென்று எவனும் சொல்ல மாட்டான். காலையில் மூட்டைக்குள் கையை விட்டு வத்தலை முகர்ந்து பார்ப்பான், நாலு தும்மல் போடுவான், விலை சொல்வான். அவன் அத்தா வந்து கல்லாவில் உட்கார்ந்ததும் மாடிக்கு ஓடிவிடுவான். அங்கே ஒரு கீபோர்டு, ஒரு கம்ப்யூட்டர். அதை வைத்தே நூறு வயலினையும் அம்பது பேர் கோரஸையும் கொண்டுவந்துவிடுவான். அதன் மேல் சூர்யபிரகாஷின் கிதார் உறுமும், என் டிரம்ஸ் இடிக்கும். இதற்கு சிம்பொனிக் மெட்டல் என்று பெயர். பக்கத்துக் கடைக்காரர்கள் வைத்த பெயர் வேறு, அதை இங்கே எழுத முடியாது.

நான் சரவணக்குமார். சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை. எங்கள் பேண்டுக்குக் ‘கருந்திரி’ என்று பேர் வைத்தவன் முனியராஜ். கருந்திரி பட்டாசுக்குப் போடுவது, வீட்டில் வைத்துத் திரித்தால் போலீஸ் பிடிக்கும். “நம்மளும் வீட்டுல வச்சுத்தான பண்ணுதோம், ஒரு நாள் பிடிப்பாகலே” என்று சிரிப்பான்.

முனியராஜ் பக்கத்து விஸ்வநத்தத்துக்காரன், பட்டாசு ஆலையில் வேலை பார்த்தான். எங்கள் பாட்டெல்லாம் அவன் எழுதியது, மெட்டிலும் பாதிக்கு மேல் அவனுடையது. ஆலையில் கழியும் ஒரு நாளைப் பத்துப் பாட்டில் ஒரே கதையாகச் சொல்லி ஆல்பம் போடுவோம் என்று ஆரம்பித்தான். ஏழு பாட்டு முடிந்திருந்தது. போன சித்திரையில் மருந்து கலக்கும் அறை வெடித்து, போய்விட்டான்.

அசாருதீன் ஒரு மாதம் மாடி ஏறவில்லை. ஏறிய பிறகு இறங்கவில்லை. மிச்சப் பாட்டுகளைக் கட்டி முடித்தான். ஆல்பத்தின் தொடக்கத்தில் ஒரு வெடிச் சத்தத்தையும் வைத்தான். சும்மா சத்தமில்லை. அடியில் முரசு, மேலே கோரஸ், நடுவில் ஒரு ‘டொம்ம்’. முதல் தடவை கேட்டபோது நானே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

ஆனாலும் அவனுக்குள் உறுத்தல். “அவன் சாவை வச்சு நான் பேரு வாங்கப் பாக்கேனோன்னு இருக்குலே. பானு கேட்டுட்டு சரின்னு சொன்னாத்தான் வெளியிடுவேன். வேண்டாம்னா எல்லாத்தையும் அழிச்சிருவேன்” என்றான். பானு என்றால் பானுப்பிரியா, முனியராஜின் மனைவி.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். நான் அரைநாள் லீவு போட்டேன். விஸ்வநத்தத்தில் பானு தையல் மெஷினில் இருந்தாள்.

“வாங்கண்ணே. நல்லா இருக்கீகளா? டீ குடிக்கீகளா?”

விஷயத்தைச் சொன்னோம். கேட்கச் சொல்லி ஹெட்செட்டை நீட்டினேன். சூடு பட்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். “அது வேண்டாம்ணே. சும்மாவே போடுங்க.”

எங்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. அசாருதீன் பையிலிருந்து பெரிய ஸ்பீக்கரை எடுத்து ஜன்னலில் வைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டினான், மடப்பயல். அவனை மட்டும் சொல்வானேன், நானும் பெருமையாகத்தான் பக்கத்தில் நின்றேன்.

டொம்ம்.

தெருவே வெளியே வந்துவிட்டது. எங்கள் பக்கம் தினமும் வெடி வெடித்துப் பார்ப்பார்கள், ஒருத்தரும் திரும்ப மாட்டார்கள். இந்தச் சத்தம் வேறு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்லாரும் புகை தெரிகிறதா என்று வானத்தைப் பார்த்தார்கள், ஆளாளுக்குப் போனைப் போட்டார்கள். போட்டு என்ன? ஆலைக்குள் போன் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எதிர்வீட்டு சொர்ணலட்சுமி நாலு தரம் அடித்துப் பார்த்தாள். பிறகு புருஷன் இசக்கிப்பாண்டியின் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே, செருப்புகூட இல்லாமல் ஆலைப் பக்கம் ஓட ஆரம்பித்தாள்.

அசாருதீன் பாட்டை நிறுத்தினான். பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தோம். மெயின் ரோட்டு வளைவில் அவளை மறித்து, “அக்கா, எங்கயும் வெடிக்கலக்கா. நாங்க போட்ட பாட்டுக்கா அது” என்றான்.

“பாட்டா? இதுவாலே பாட்டு? நாசமாப் போறவனே! எம்புட்டு நெஞ்சழுத்தம் இருந்தா இதைப் பாட்டுல வைப்ப?”

சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அப்புறம் ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். பைக்கைத் தள்ளிக்கொண்டு அவளோடு தெருவுக்கு நடந்தே திரும்பினோம்.

பானு மெஷின் முன்னால் அதே இடத்தில் இருந்தாள்.

“தப்புப் பண்ணிட்டேம்மா. எல்லாத்தையும் அழிச்சிருதேன்” என்றான் அசாருதீன்.

“அழிக்காதீங்கண்ணே. அவரு எழுதுனது இருக்கட்டும். இந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துருங்க.” துணியை மடித்து மடித்துப் பிரித்தாள். “அன்னைக்கு எனக்கு இந்தச் சத்தமே கேக்கலண்ணே. ஊரே ஓடுச்சு. நான் ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு இங்கன தச்சுக்கிட்டு இருந்தேன். ஆலை வாசல்ல போனைக் குடுக்கதுக்கு முன்னாடி புது மெட்டு ஒண்ணு பாடி அனுப்பியிருந்தாரு. நல்லா இருக்கான்னு சாயங்காலம் வந்து கேப்பாரேன்னு திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். சொர்ணலட்சுமி அக்கா வந்து காதுல இருந்து பிடுங்குன பெறகுதான் தெரியும். அவரு அங்கன கருகிக் கெடக்காரு, நான் இங்கன பாட்டு கேட்டுக்கிட்டு இருந்துருக்கேன். பாவிண்ணே நான்.”

“நீ என்னம்மா பண்ணுவ” என்று எதையோ உளறினேன். அசாருதீன் தலையைக் குனிந்தபடி நின்றான். அழுகிறான் என்றுதான் நினைத்தேன்.

“அந்த மெட்டு இன்னும் போன்ல இருக்காம்மா?”

ஓங்கி ஒரு அறை விடலாமா என்று எனக்கு வந்தது.

“இருக்குண்ணே.”

“ஆல்பத்தை அதுல ஆரம்பிக்கட்டுமா?”

பானு அவனையே பார்த்தாள். “எடுத்துக்கோங்க. அவருக்கும் அது பிடிக்கும். ஊரே கேக்கட்டும். என்னைய மட்டும் கேக்கச் சொல்லிராதீக.”

ஊர் தாண்டியதும் அவன் பைக்கை ஓரம் கட்டினான். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். “அவ அழுதுக்கிட்டு இருக்கா, உனக்கு மெட்டு கேக்குதோலே? மனுசனாலே நீ?”

“கேக்காம இருக்க முடியலலே சரவணா. அவ சொல்லச் சொல்லவே எனக்குள்ள பாட்டு ஓட ஆரம்பிச்சிருச்சு. நிறுத்திப் பாத்தேன், நிக்க மாட்டேங்குது” என்று தேம்பினான். தாடியெல்லாம் நனைந்துவிட்டது.

அப்போது போன் சத்தம் கொடுத்தது. பானு அனுப்பிவிட்டிருந்தாள். அந்த இடத்திலேயே போட்டான். வேன் ஹாரனுக்கும் ஆட்கள் பேச்சுக்கும் நடுவில் முனியராஜ் பாடினான். முடித்துவிட்டு, “நல்லா இருக்கா?” என்று கேட்டான்.

அசாருதீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை என் காதருகே நீட்டினான். “தாளம் ஏழா, எட்டா? கேட்டுச் சொல்லுலே.”

மறுபடியும் ஏசத்தான் வாயைத் திறந்தேன்.

“ஏழு” என்றேன்.