காலர்க்காரி கையெழுத்துப் போட்ட தாள்

விலை போனவள் என்று வாய் கூசாமல் சொல்கிறார்களே, அவளை யார் வாங்கினார்கள், என்ன கொடுத்து வாங்கினார்கள் என்று ஒருத்தரையாவது சொல்லச் சொல்லுங்கள். குழாயடியில் குடம் நிறைகிற நேரத்துக்குள் ஒரு மனுஷியின் மானத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார்கள். வெளிநாட்டுக்காரியைத் தேடிப் போய்க் கோள் மூட்டினாளாம். தேடியும் போகவில்லை, மூட்டவும் இல்லை. கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். நடந்தது அவ்வளவுதான்.

சட்டைக்குக் காலர் தைப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாக அதே மெஷின், அதே ஜன்னல். அதனால் ஆலையில் அவள் காலர்க்காரி. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். கல்யாணமான மூன்றாம் வருஷம் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பிறந்த வீட்டுக்குப் போ என்று மாமியாரும் சொல்லவில்லை, போனால் கதவைத் திறக்க அங்கே ஆளும் இல்லை. அப்போது சின்னப் பெண்ணாக இருந்த நாத்தனாருக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவள்தான். வயசு வந்ததும் கூடவே ஆலைக்குக் கூட்டிப்போய்ப் பட்டன் மெஷினில் நிறுத்தியதும் அவள்தான். நிறுத்தியது என்றால் நிஜமாகவே நிறுத்தியதுதான், பட்டன் பிரிவில் உட்கார நாற்காலி கிடையாது. கல்யாணம் ஆன பிறகும் நாத்தனார் அம்மா வீட்டிலேயேதான் இருந்தாள்.

வரிசைக்கு நாற்பது பெண்கள். நாற்பது பேரும் கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு மரக்கட்டை. சூப்பர்வைசர் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கும். அதைக் கையில் எடுத்தவள்தான் எழுந்து போகலாம், அவள் திரும்பி வந்து மாட்டும்வரை மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தைக்க வேண்டும். பெண்கள் அந்தக் கட்டைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"மாப்பிள்ளை யாருகிட்டடி இருக்காரு?"

"போய் அரை மணி ஆச்சு, மறுவீட்டு விருந்து போல."

சிரித்துக்கொண்டுதான் அடக்கினார்கள். அடக்கி அடக்கி அடிவயிறு நோவு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் உண்டு.

அங்கே தைக்கிற சட்டையெல்லாம் கப்பலேறி ஒரு நாட்டுக்குப் போகும். பெண்களை வதைத்துத் தைத்த துணி எங்கள் கடைக்கு வேண்டாம் என்று அந்த நாட்டு அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. நேரில் பார்த்து எழுதுவதற்கென்றே அவர்கள் தூதரகத்தில் ஒரு அம்மாள் இருந்தாள். அவள் வருகிற நாளில் ஆலை புதுப்பெண் மாதிரி ஆகிவிட்டது. கழிப்பறையில் சோப்பு. பட்டன் பிரிவில் புது நாற்காலிகள். ஆணிகளில் தொங்கிய கட்டைகளையெல்லாம் அள்ளி மேஜைக்குள் போட்டுப் பூட்டினார்கள். ஒன்று குறைகிறதா என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அது காலர்க்காரி கையில் இருந்தது.

கட்டையும் கையுமாக அவள் திரும்பி வந்தபோது அந்த அம்மாள் எதிரே நின்றாள். கூட வந்த மொழிபெயர்ப்புப் பெண் கேட்டாள்.

"இது என்னன்னு கேக்கறாங்க."

"மாப்பிள்ளைங்க," என்றாள் பழக்கதோஷத்தில்.

வரிசை முழுக்கச் சிரிப்பு. சூப்பர்வைசர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. கேட்டபிறகு சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னாள். வேறு கஷ்டம் உண்டா என்று அடுத்த கேள்வி வந்தது. அவள் கண் பட்டன் பிரிவுக்குப் போனது. அங்கே நாத்தனார் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்து, உட்கார்ந்த வாக்கில் கை எட்டாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள்.

"அந்த நாற்காலி போன வருஷம் இருந்திருந்தா எங்க வீட்ல ஒரு புள்ள இருந்திருக்கும்," என்றாள் காலர்க்காரி.

மூன்று மாதத்தில் அந்த நாடு இந்த ஆலைத் துணியைத் தடை செய்தது. வெளிக்கதவில் பூட்டுத் தொங்கியது. அறுநூறு பெண்களும் வீட்டில். தெருவில் அவளைக் கண்டால் பேச்சு நிற்கும், தாண்டிப் போனதும் தொடங்கும். அதையெல்லாம் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாத்தனார் கேட்டதுதான் நெஞ்சில் தைத்தது.

"என் வயித்துல நடந்தத ஊர் உலகத்துக்கு ஏன் அண்ணி சொன்னே? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லைதான். அது தப்பு. அவள் பக்கம் தப்பு என்று ஒன்று உண்டென்றால் அது மட்டும்தான்.

ஆலை பூட்டிய ஐந்தாம் மாதம் மேனேஜர் ஒரு தாளைக் கொடுத்தனுப்பினார். கொண்டுவந்தவள் நாத்தனார். அந்த நாட்டு மந்திரி இங்கே வர இருந்தார், பெரிய ஒப்பந்தம் ஏதோ கையெழுத்தாக வேண்டும். நடுவில் இந்தத் தடை முள்ளாகக் கிடந்தது. எடுத்துப்போட இரண்டு அரசாங்கத்துக்குமே ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நாத்தனார் படித்துக் காட்டினாள். இந்த ஆலையில் எந்தப் பெண்ணுக்கும் கர்ப்பம் கலைந்ததில்லை, கோபத்தில் பொய் சொல்லிவிட்டேன். படிக்கும்போது ஓரிடத்தில்கூட அவள் குரல் இடறவில்லை. காலர்க்காரிக்கு அதுதான் தாங்கவில்லை.

"நீயாடி இதைப் போடச் சொல்றே?"

"நான்தான் சொல்றேன். அம்மாவுக்கு மருந்து வாங்கி ரெண்டு மாசமாச்சு. போன புள்ள போயிடுச்சு அண்ணி. போடு."

போட்டாள்.

தூதரக அம்மாள் வீடு தேடி வந்தாள். இருந்த ஒரே முக்காலியில் உட்காராமல் கதவோரம் நின்றே கேட்டாள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா? இல்லைங்க. அந்தக் குழந்தை? அப்படி ஒண்ணும் இல்லைங்க. மொழிபெயர்ப்புப் பெண் இரண்டாம் தடவையும் கேட்டுப் பார்த்தாள். காலர்க்காரி தரையைப் பார்த்தபடி அதையே சொன்னாள். நாத்தனார் அடுப்படியில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், தேய்த்ததையே தேய்த்துக்கொண்டு. அம்மாள் நோட்டை மூடினாள். போகும்போது ஏதோ சொன்னாள். மொழிபெயர்ப்புப் பெண் அதைத் தமிழில் சொல்லவில்லை.

தடை போயிற்று, ஆலை திறந்தது. ஒருத்தி பாக்கி இல்லாமல் வேலைக்குக் கூப்பிட்டார்கள், அவளைத் தவிர. பொய் சொன்னதாக எழுதிக் கொடுத்தவளை எப்படி வைத்துக்கொள்வது என்றாராம் மேனேஜர். ஆலை மூடியதற்குத் திட்டிய வாய்களே இப்போது பொய்க்காரி என்றன. அவள் வீட்டில் சமைத்தாள், மாமியாருக்கு மருந்து கொடுத்தாள், நாத்தனாருக்குச் சோறு கட்டினாள்.

அதற்குப் பிறகுதான் நாத்தனார் மறுபடி முழுகாமல் இருந்தாள். புருஷன் லாரியில் தூரதேசம் போகிறவன், மாதத்துக்கு இரண்டு நாள் வந்தால் அதிசயம். ஐந்தாம் மாதத்தில் கால் வீங்கத் தொடங்கியது. பட்டன் பிரிவிலிருந்த நாற்காலிகள் வந்த வழியே போயிருந்தன.

"ஒரு நாற்காலி கேளேன்டி."

"கேட்டாச்சு." வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு நாத்தனார் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. "மேனேஜரு நீ எழுதிக் குடுத்த தாளைக் காட்டினாரு. நின்னுக்கிட்டு வேலை செஞ்சா ஒண்ணும் ஆகாதுன்னு உங்க வீட்லயே எழுதிக் குடுத்திருக்காங்களேம்மான்னாரு."

காலர்க்காரி அவள் காலைத் துடைத்துவிட்டாள். விரல் வைத்த இடம் குழிந்து, நிரம்ப நேரமாயிற்று. போன தடவையும் இப்படித்தான் குழிந்தது. அப்போது குழிந்த ஏழாம் நாள் ரத்தம் கண்டிருந்தது.

மறுநாள் காலை அவள் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டாள். மாமியாருக்குப் புரிந்துவிட்டது.

"தூதரகத்துக்கா?"

"ஆமாம் அத்தை. அந்தத் தாள்தான் பொய்யின்னு சொல்லணும்."

"மறுபடியும் ஆலையப் பூட்ட வைக்கப் போறே. தெருவுல எங்களை உயிரோட விடுவாங்களா? போறதுன்னா போ. திரும்பி இந்தப் படி ஏறாதே."

அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள். "புள்ள கலைஞ்சப்போ குடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டு உன் பெட்டியிலதானே இருக்கு? அதைக் குடு. இந்தத் தடவை உங்கிட்டக் கேட்டுட்டுத்தான் செய்யறேன்."

நாத்தனார் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு வேலையும் வேணும் அண்ணி, புள்ளையும் வேணும். ரெண்டையும் வாங்கிக் குடுப்பியா? அவங்களுக்குப் பூட்டத் தெரியும், திறக்கத் தெரியும். வேற என்ன தெரியும்?"

அந்தத் தூதரக அம்மாளிடம் இதற்குப் பதில் இருந்திருக்குமா, தெரியாது.

"நீ போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லு. இருந்துடறேன்."

நாத்தனார் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. ஆலைச் சங்கு ஊதியதும் எழுந்து செருப்பை மாட்டினாள். வீக்கத்தில் வார் ஏறவில்லை. காலர்க்காரி குனிந்து, வாரைத் தளர்த்திப் போட்டுவிட்டாள்.

இருவரும் ஒன்றாகத்தான் வாசல் தாண்டினார்கள். ஒருத்தி இடப்பக்கம் ஆலைக்கு, ஒருத்தி வலப்பக்கம் பஸ் நிலையத்துக்கு. உள்ளேயிருந்து மாமியார் எழுந்து வந்து கதவைச் சாத்திய சத்தம் கேட்டது. சீட்டு இல்லாமல், வெறும் கையோடு, அவள் நடந்தாள்.