அடியக்காவின் ஆறு நிமிடங்கள்

மருத்துவமனையின் பழைய கட்டடத்தில், எக்ஸ்ரே அறையைத் தாண்டினால் நீளமான ஒரு நடைவழி. அதன் கடைசிப் பகுதியில் கறுப்புப் பாய் ஒன்று விரித்திருக்கும். அதன்மேல் கால் வைத்தால் எந்த இடத்தில், எவ்வளவு நேரம், எவ்வளவு பாரம் விழுந்தது என்று பக்கத்திலிருக்கும் கணினியில் பதிவாகிவிடும். அந்தப் பாயின் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஏழு வருடமாக வயதானவர்களை நடக்கவைத்து அடி எண்ணிக்கொண்டிருந்தாள் அவள்.

முனைவர் பட்டம் வாங்கியவள். நாற்பத்து நாலு வயது. வார்டுப் பணியாளர்கள் அவளுக்கு ‘அடியக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள், “இந்தாங்க, இன்னிக்கு அடி வாங்க இவரு வந்திருக்காரு” என்று சிரித்தபடி ஆளை இறக்கிவிட்டுப் போவார்கள். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. போகப்போக, போனை எடுத்து அவளே “அடியக்கா பேசறேன்” என்று சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டது.

வயதானவர்கள் ஏன் விழுகிறார்கள், யார் விழப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. முந்நூற்று நாற்பது பேரை நடக்கவைத்து அவள் கண்டது இதுதான்: ஒருவரின் அடிகள் ஒரே அளவாக விழுந்துகொண்டிருந்தால், மெதுவாக நடந்தாலும் பயமில்லை. ஓர் அடி நீளம், அடுத்த அடி குட்டை என்று மாறிக்கொண்டே இருந்தால் அடுத்த ஆறு மாதத்துக்குள் அவர் விழுந்துவிட வாய்ப்பு அதிகம். இதைப் பற்றி மூன்று கட்டுரைகள் வெளிவந்தன. மூன்றையும் சேர்த்து எத்தனை பேர் படித்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். எண்ணுவதுதானே அவள் வேலை. கேட்டால் சொல்லமாட்டாள்.

வேலை நிரந்தரமில்லை. ஒவ்வொரு வருடமும் துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் ஸ்டூல் அவளுக்கு. அவர் ஒருநாள் கூப்பிட்டனுப்பினார்.

“பொதுமக்களுக்காக ஒருநாள் கருத்தரங்கு நடத்தறோம். ஆளுக்குப் பத்து நிமிஷம். பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியற மாதிரி பேசணும், அவ்வளவுதான்.”

“நீங்க பேசலையா சார்?”

“நான் தலைமை தாங்கறேன். நீங்க பேசுங்க. ஏழு வருஷமா நீங்கதானே செய்யறீங்க.”

ஏழு வருடத்தில் அவர் அதை வாய்விட்டு ஒத்துக்கொண்டது அன்றுதான். அதற்காகச் சந்தோஷப்படலாமா என்று படியிறங்கும்போது யோசித்துப் பார்த்தாள். முடியவில்லை, தூக்கம் வந்தது.

பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதிலாக வீட்டுக்காரரையே பிடித்து உட்காரவைத்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட களைப்பில் சோபாவில் சாய்ந்திருந்தவர் முன்னால் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். மொத்தம் முப்பத்தோரு ஸ்லைடு. நாலாவது ஸ்லைடில் ‘நடை மாறுபாட்டுக் குணகம்’ வந்தது. ஒன்பதாவதில் அவருக்குக் குறட்டை வந்தது.

தட்டி எழுப்பினாள். “என்ன புரிஞ்சுது?”

“எல்லாம் புரிஞ்சுது. நீ என்ன சொல்ல வர்றேன்னு மட்டும்தான் புரியல.”

“விளையாடாதீங்க.”

“சரி, அந்தக் குணகத்தை விடு. சாதாரணமா சொல்லு.”

அவள் சலிப்போடு, அடிகள் ஒரே மாதிரி விழவேண்டும் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அட, இது லிஃப்ட் கதைதான்! லிஃப்ட் எப்பவும் தரைக்கு அரை இஞ்ச் மேலேயே நின்னா ஜனங்க பழகிக்குவாங்க. ஒருநாள் மேல, ஒருநாள் கீழன்னு நின்னாத்தான் எங்களுக்குப் போன் பண்ணுவாங்க. கயிறோ பிரேக்கோ எங்கேயோ போகப்போகுதுன்னு அர்த்தம்.”

ஏழு வருடமாக ஆங்கிலத்தில் எழுதிக் கிழித்தது இவ்வளவுதானா என்று அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் அன்றைக்கே முப்பத்தோரு ஸ்லைடை ஐந்தாகக் குறைத்தாள். வெட்டிய ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு மாத வேலை பின்னால் இருந்தது. இருபத்தாறு மாதம் போச்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கருத்தரங்கு அன்று மண்டபம் நிறைந்துதான் இருந்தது. மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கூடவே கடைசி வரிசைகளை நிரப்ப, வேலை முடிந்த வார்டுப் பணியாளர்களையும் உட்காரச் சொல்லியிருந்தார்கள். காலையில் பேசியவர்கள் ஆளுக்கு இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். அவள் முறை வந்தது சாப்பாட்டுக்கு அப்புறம், பாதி மண்டபம் கண்ணயர்ந்திருந்த நேரத்தில். மேடை ஏறும்போது துறைத் தலைவர் மைக்கை மூடிக்கொண்டு, “ஆறு நிமிஷத்துல முடிச்சுடுங்க” என்றார்.

அவள் லிஃப்டிலிருந்து ஆரம்பித்தாள். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் திறந்தார். ‘அடி’ என்றதும் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, “ஆமா, எனக்கு அடியக்கான்னுதான் பேரு. இதுவரைக்கும் முந்நூத்தி நாப்பது பேர்கிட்ட அடி வாங்கியிருக்கேன், பாய் மேல” என்றாள். மண்டபமே சிரித்தது. அவளுக்கே வியப்பாக இருந்தது. ஐந்தரை நிமிடத்தில் முடித்துவிட்டாள். கைதட்டல் வந்தது, உபசாரத்துக்குத் தட்டியது மாதிரி இல்லை.

கேள்வி நேரம். ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்து, கேள்வி என்று சொல்லிவிட்டு, தான் தினமும் எத்தனை கிலோமீட்டர் நடக்கிறார் என்பதை விளக்கிவிட்டு உட்கார்ந்தார். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு கை மெதுவாக உயர்ந்தது. முதியோர் வார்டு ஆயா. இருபத்தாறு வருடமாக அதே வார்டில் படுக்கை மாற்றி, துடைத்து, தூக்கி உட்காரவைத்துக்கொண்டிருப்பவர்.

“ஒரு சந்தேகம் மேடம். தப்பா நெனைக்காதீங்க. உங்க பாய்ல நடக்க விடறதுக்கு முன்னாடி எல்லாரையும் பாத்ரூம் போயிட்டு வரச் சொல்லுவீங்கல்ல?”

“ஆமாக்கா. அப்பத்தானே நிம்மதியா நடப்பாங்க.”

“அதான் கேட்டேன். எங்க வார்டுல போயிட்டு வந்தவங்க யாரும் அவ்வளவா விழறதில்ல. போறதுக்கு முன்னாடிதான் விழறாங்க. அவசரமா எழுந்திருப்பாங்க, அடக்கிக்கிட்டே ஓடுவாங்க, விழுவாங்க. அப்ப எடுக்கற அடி உங்க கணக்குல வருமா?”

மண்டபம் மறுபடியும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நடக்கவைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை என்று ஒரு படிவம் இருந்தது. அதில் ‘கழிப்பறைக்குச் சென்றுவரச் சொல்லவும்’ என்ற வரியை எழுதியதே அவள்தான். எழுதி ஏழு வருடம். முந்நூற்று நாற்பது முறை அதற்கு நேரே டிக் போட்டிருக்கிறாள்.

துறைத் தலைவர் மைக்கைப் பிடித்தார். “நல்ல கேள்வி. ஆனா அது இந்த ஆய்வோட எல்லைக்குள்ள வராது. அடுத்து…”

“இல்ல சார்,” என்றாள் அவள். “வரணும். அதைத்தான் நாங்க பார்த்திருக்கணும். பார்க்கல. எனக்குத் தோணவே இல்ல.”

யாரும் கைதட்டவில்லை. அடுத்தவர் மேடை ஏறினார்.

தேநீர் இடைவேளையில் துறைத் தலைவர் அவளை ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார். கத்தவில்லை. அவர் கத்துகிறவர் இல்லை.

“நம்ம ஓட்டையை நாமே மேடையில ஏறிக் காட்டணுமா?”

“அவங்க காட்டினாங்க சார். நான் மறைக்கல, அவ்வளவுதான்.”

“எல்லாம் ஒண்ணுதான்,” என்று பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். பாதி ஒடிந்து உள்ளே விழுந்தது. கோப்பையை அப்படியே ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது.

“அத்தை, நீங்க எப்பவாவது விழுந்திருக்கீங்களா?”

மாமியார் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ரெண்டு தடவை.”

“எப்போ? எங்கே?”

“போன மழைக்காலத்துல ஒண்ணு, அப்புறம் ஒண்ணு. பாத்ரூமுக்குப் போறப்பதான். வேற எங்க போறேன் நான்?”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா என்னையும் இழுத்துட்டுப் போய் அந்தப் பாய்ல நடக்கவிடுவே. உனக்கு வேலை வைக்க வேண்டாமேன்னுதான்.” சொல்லிவிட்டு ரிமோட்டால் சத்தத்தைக் கூட்டினார்.

அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அதற்கும் தெம்பில்லை. எழுந்துபோய் முகம் கழுவினாள்.

மறுநாள் வார்டுக்குப் போய் ஆயாவைத் தேடினாள். ஆயா பயந்துபோயிருந்தார். “எதுவும் தப்பா கேட்டுட்டேனா மேடம்? பெரிய டாக்டர் ஏதாவது சொன்னாரா?” என்று கையைப் பிசைந்தார். அவள் இல்லையென்று தலையாட்டிவிட்டு, விழுந்தவர்களைப் பற்றி வார்டில் எழுதிவைக்கும் பதிவேட்டைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். தலைமை நர்ஸிடம் அனுமதி வாங்கி, துணி அலமாரிக்குப் பின்னாலிருந்து தூசு தட்டி எடுத்துக் கொடுத்தார். ஏழு வருடத்தில் அறுபத்தொரு பேர் விழுந்திருந்தார்கள். அவர்களில் நாற்பத்து நாலு பேர் கழிப்பறைக்குப் போகிற வழியில். எல்லாம் பக்கத்து வார்டில், அவளுடைய ஸ்டூலிலிருந்து நாற்பது அடி தூரத்தில் எழுதிவைக்கப்பட்டிருந்தது.

“துணைக்கு உங்களைக் கூப்பிடலாமே, ஏன் கூப்பிட மாட்டேங்கறாங்க?” என்று கேட்டாள்.

“கூச்சம்தான். எத்தனை தடவைதான் கூப்பிடறதுன்னு நெனைப்பாங்க. ‘நீயே நடந்து நடந்து செத்துட்டிருக்கே, உன்னை எதுக்கு எழுப்பணும்’பாங்க. நான் உட்கார்ந்து நாலு நிமிஷம் ஆனா போதும், அப்பத்தான் தனியா எழுந்திருப்பாங்க.”

புதிதாக ஆய்வு செய்ய நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பித்தாள். வயதானவர்களை அடக்கிக்கொண்டு நடக்கச் சொல்வது எப்படி நியாயம் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கேள்வி சரிதான். இரண்டு வாரம் யோசித்துவிட்டு, யாரையும் எதுவும் அடக்கச் சொல்லாதபடி விண்ணப்பத்தை மாற்றி ஒப்புதல் வாங்கி, பாயைச் சுருட்டி எடுத்துப்போய் வார்டில் கழிப்பறை வாசலுக்கு முன்னால் விரித்தாள். விருப்பப்பட்டுச் சம்மதித்தவர்கள் அவரவருக்குத் தோன்றும்போது போவார்கள், பாய் தன் வேலையைப் பார்க்கும். துறைத் தலைவர் இந்த முறை அவள் வேலையை ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டிக் கையெழுத்துப் போட்டார்.

நடைவழியில் ஒரே சீராக நடந்தவர்கள் இங்கே அடி தப்பினார்கள். முதல் இருபது பேரில் பதினாலு பேருக்கு இரண்டு நடையும் ஒத்துப்போகவே இல்லை. அவளுடைய பழைய எண்களில் பாதியை இனி நம்பிச் சொல்ல முடியாது. அதை எழுதினாள். இரண்டு பக்கக் கட்டுரை. ஆயாவின் பெயரையும் கட்டுரை ஆசிரியர் பெயர்களில் ஒன்றாகப் போடவேண்டும் என்று மூன்று முறை கேட்டுப் பார்த்தாள். “அவங்க என்ன பண்ணாங்க, ஒரு கேள்விதானே கேட்டாங்க” என்றார் துறைத் தலைவர். கடைசியில் நன்றி சொல்லும் வரியில் பெயர் வந்தது. ஆயா அதை மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாராம். என் பேரை மட்டும் தப்பில்லாம எழுதியிருக்காங்க, மத்தது ஒண்ணும் புரியல என்றாராம்.

வார்டிலும் ஒன்று நடந்தது. தலைமை நர்ஸ், கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்த எட்டுக் கட்டில்களை அடி தப்புகிறவர்களுக்கு ஒதுக்கினார். அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திராமல், நேரக் கணக்கு வைத்துப் பணியாளர்களே போய், பாத்ரூம் போகணுமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு விழுவது குறைந்ததா என்று யாராவது கேட்டால், “நாலு மாசத்தை வெச்சு எதுவும் சொல்ல முடியாது” என்பாள். குறைந்தது போலத்தான் தெரிந்தது. ஆனால் சொல்லமாட்டாள்.

கருத்தரங்கில் கேட்ட யாரோ சொல்லி, முதியோர் சங்கம் ஒன்றிலிருந்து பேச அழைப்பு வந்தது. அரைநாள் விடுப்புப் போட்டு ஆயாவையும் கூட்டிக்கொண்டு போனாள். லிஃப்டைப் பற்றிச் சொன்னாள், தான் கேட்காமல் விட்டதைச் சொன்னாள், மைக்கை ஆயாவிடம் கொடுத்தாள். ஆயா முதலில் நெளிந்தார். பிறகு, எழுந்து நிற்கிறதுக்கு முன்னாடி கட்டிலோரத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்க, கூச்சப்படாம கூப்பிடுங்க, எங்களுக்கு அது வேலைதான் என்று சொன்னார். அதற்கப்புறம் ஒருவரும் அடியக்காவை எதுவும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் எல்லாக் கேள்வியும் ஆயாவுக்குத்தான். அவள் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கும் முழங்காலை நீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பொறாமையாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஆயா இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவளும் எப்போது கண்ணை மூடினாள் என்று தெரியவில்லை. விழித்தபோது இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போயிருந்தது. இருவரும் அவசரமில்லாமல் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், வந்த வழியே போகிற பஸ்ஸுக்காக நின்றார்கள்.