ஸ்காட்டுப் பாவாடைக்கு ஒரு ஜரிகைக் கரை

கஞ்சி போட்டுக் காய்ந்த துணி முழங்காலில் உரசினால், இன்றைக்கும் எனக்கு டிரம் சத்தம் காதில் கேட்கிறது. பெரிய காஞ்சிபுரத்தில் நான் படித்த பெண்கள் பள்ளியில் ஒரு பேண்டு இருந்தது. அதில் வாசிக்கிறவர்களுக்குச் சிவப்பில் பச்சையும் மஞ்சளும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், மடிப்பு மடிப்பான கட்டத்துணிப் பாவாடை. எங்கள் வாயில் அது "ஸ்காட்டுப் பாவாடை". ஸ்காட்லாந்தில் ஆண்கள்தான் அதைக் கட்டுவார்கள், ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம் உண்டு என்று டிரில் டீச்சர் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஏழாம் வகுப்பில் எனக்கு டிரம் கிடைத்தது, பாவாடை கிடைக்கவில்லை. இருந்தவை பதினாறு, நான் பதினேழாவது ஆள். சுதந்திர தின ஊர்வலத்துக்குள் அதே மாதிரி ஒன்று வராவிட்டால் டிரம் வேறொருத்திக்குப் போய்விடும் என்றார் டீச்சர். பட்டுப்புடவை நெய்கிற அப்பா, தோழியின் பாவாடையை இரவல் வாங்கி வரச் சொல்லி, பூதக்கண்ணாடியை வைத்து இழை இழையாக எண்ணினார். நடுக்கோட்டைத் தொட்டதும் எண்ணிக்கை அப்படியே பின்னோக்கி நடப்பதைக் கண்டு, "போன வழியாவே திரும்பி வருதும்மா இது" என்று வியந்தார். காலியாக இருந்த இன்னொரு தறியில் பருத்தி நூலைப் பாவு போட்டுப் பத்தே நாளில் நெய்தும் விட்டார். கட்டம் அச்சு அசல். ஆனால் கரையில்லாத துணியை மகளுக்குக் கட்டிவிட அவருக்கு மனசு கேட்கவில்லை. கீழோரத்தில் விரலகலத்துக்கு ஜரிகை ஓட்டியிருந்தார்.

டீச்சர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கரை தெரியக்கூடாது என்று சொல்லிவிட்டார். வெட்டினால் பாவாடை குட்டையாகிவிடும். அப்பா மேல் எனக்கு அப்படியொரு கோபம். யார் கேட்டார்கள் இந்த ஜரிகையை என்று அம்மாவிடம் அழுதேன். அம்மா துணியை மேலும் கீழுமாகத் திருப்பிப் பார்த்தாள். "இதுக்குத் தல கால் ஒண்ணுதான். திருப்பித் தெச்சிட்டா யாருக்குத் தெரியப்போவுது? அப்பாகிட்ட மட்டும் சொல்லாத" என்றாள். இடுப்புத் தையலைப் பிரித்துத் தலைகீழாக்கித் தைத்ததும், ஜரிகை மேலே போய் பெல்ட்டுக்குள் மறைந்தது.

ஊர்வலத்தன்று அப்பா சன்னதித் தெரு முனையில், சலவைச் சட்டையில் நின்றிருந்தார். நான் கொட்டியதை அவர் கேட்டாரோ என்னவோ, கண் முழுக்க என் முழங்காலில்தான் இருந்தது.

சாயங்காலம், "கரை கண்ணுக்கே படலியேம்மா?" என்றார்.

"வெயில்ல தெரியலப்பா."

அவர் அதை நம்பினார். "அடுத்த வாட்டி இன்னும் கொஞ்சம் அகலமா போட்டுடறேன்" என்றார்.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: கலகம் செய்தார்கள் என்று ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் அந்த உடைக்கே ஒரு காலத்தில் தடை இருந்ததாம், இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம் என்ற கணக்கோ அதற்கும் வெகுநாள் பிந்தியதாம், பல கட்டங்களுக்குக் குலத்தின் பெயரைச் சூட்டியவர்கள் துணி நெய்து விற்றவர்களேயாம். அப்பாவிடம் சொல்லியிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார். அவர் போய் இரண்டு வருடமாகிறது. பள்ளியில் அந்த பேண்டும் இல்லை, இப்போது எல்லோருக்கும் டிராக் பேண்ட்தான்.

போன வாரம் பெட்டியிலிருந்து பாவாடையை எடுத்து இடுப்பைப் பிரித்தேன். சிவப்பு வெளுத்து, மஞ்சள் இருந்த இடமே தெரியவில்லை. ஜரிகை மட்டும் அன்று தறியிலிருந்து அறுத்த மாதிரியே மின்னியது. அது ஒருநாளும் வெயிலைப் பார்த்ததில்லை, அப்பா.