கெட்டிக் கோப்பி இரண்டு குவளை

மலேசியாவின் மேரு ஊரில் கையுறைத் தொழிற்சாலை சூப்பர்வைசரான சுகுணவதிக்குக் கோப்பி உள்ளே போனால்தான் வாயே திறக்கும். பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டு விரதமிருந்தபோது அதையும் விட்டார். முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. அப்புறம் பழகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துதான் அண்ணன் மகன் யுகேந்திரன் வந்து கெஞ்சினான். "அத்தை, நான் விரும்புற கிள்ளான் பொண்ணு விஷயத்த அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்."

அண்ணி மாதவியின் கோபத்துக்குப் பயந்து சுகுணவதி தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

தைப்பூசத்தன்று பத்துமலையில் பாலைச் செலுத்திவிட்டுக் கீழே இறங்கியதும், வெறும் வயிற்றில் கெட்டிக் கோப்பி இரண்டு குவளை குடித்தார். கேஃபீனை மறந்திருந்த உடம்பு ஆடிப்போனது. நெஞ்சு உறுமி மேளம்போல் அடித்தது. விரல்கள் நடுங்கின, கால்கள் தரையில் நிற்கவில்லை.

அருள் வந்துவிட்டது என்று நினைத்த மாதவி கைகூப்பினார். "தாயே! என் பையனுக்கு எப்போ கல்யாணம்?"

யுகேந்திரன் அத்தையைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினான். சாமி வாக்காக ஒரு சொல் போதும், காரியம் முடிந்துவிடும். ஆனால் சாமி பேரில் பொய் சொல்ல சுகுணவதிக்கு மனம் வரவில்லை.

"சாமி இல்லண்ணி, கோப்பி லா!" என்று கத்திய சுகுணவதிக்கு அதோடு பேச்சை நிறுத்த முடியவில்லை. "ஆனா நான் சொல்றேன், அவன் கிள்ளான்ல ஒரு டீச்சர விரும்புறான், தங்கமான பொண்ணு, கட்டி வைங்க!"

திகைத்த மாதவி மகனைப் பார்த்தார், நடுங்கும் நாத்தனாரைப் பார்த்தார், குலுங்கிச் சிரித்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழம அந்தப் பொண்ண வீட்டுக்குக் கூட்டிட்டு வாடா. இவளுக்கு மட்டும் அன்னைக்குக் கோப்பி கெடையாது, மைலோதான்!"