ஒரு விரல் இடைவெளி

தொண்ணூறுகளின் கடைசியில், மகளுக்கு ஆறு மாதம் ஆனபோது வேலைக்குத் திரும்பினேன். கடலின் ஆழத்தை அளக்கும் படகுகளைப் பராமரிக்கும் சிறிய அலுவலகத்தில் நான் எஞ்சினியர். படகு விழிஞ்ஞத்தில் நிற்கும். வீடு திருவனந்தபுரத்தில், பழவங்காடிக்குப் பின்னால்.

மகளின் தொட்டில் ஸ்பிரிங்கில் தொங்கியது. அது அறுந்துவிட்டால் என்ற பயத்தில், மேல் கொக்கியிலிருந்து தொட்டில்வரை ஒரு நைலான் கயிற்றையும் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தேன்.

"நீ கட்டினப்புறம் ஸ்பிரிங்கு வெறும் அலங்காரம், கேட்டியா," என்றார் மாமியார். "கொழந்தை தூங்கவே மாட்டேங்கறா."

எனக்குப் பாதுகாப்புதான் பெரிதாகப் பட்டது.

படகின் எஞ்சினை இரும்புச் சட்டத்தில் நேராக முடுக்கியிருந்தார்கள். அதன் அதிர்வு முழுவதும் படகின் உடம்புக்குப் போனது. அறையில் அளவு குறிப்பவர்களின் எழுத்து கோணியது. டீ டம்ளர் மேசையில் தானாக நடந்தது. அதிர்வை வாங்கிக்கொள்ள எஞ்சினுக்கு அடியில் ரப்பர் மவுண்டிங் வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தவள் நான். எடைக்கும் வேகத்துக்கும் ஏற்ற ரப்பரை மூன்று முறை கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தேன். மாட்டி ஒரு வாரமாகியும் அதிர்வும் சத்தமும் குறையவில்லை.

"வெள்ளிக்கிழமையும் இப்படியே இருந்தா, கழட்டிட்டுப் பழையபடி முடுக்கிடலாம்," என்றார் மேலதிகாரி. அவர் கோபப்படாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நாலாவது முறையும் கணக்குப் போட்டேன். அதே விடை வந்தது. அதையும் நம்பவில்லை.

எஞ்சின் அறையில் டார்ச் அடித்துக் குனிந்தபோதுதான் பார்த்தேன். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே நாலு பக்கமும் யாரோ மரக்கட்டைகளை அடித்து இறுக்கியிருந்தார்கள். ரப்பர் அசைய இடமே இல்லை. அதிர்வு கட்டை வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

படகோட்டி குளச்சல்காரர், என் அப்பா வயது. "அண்ணாச்சி, இது யாரு வச்சது?" என்று கேட்டேன்.

"நான்தான் மேடம். ஸ்டார்ட் பண்ணும்போ எஞ்சின் கிடந்து துள்ளுது."

"துள்ளத்தானே ரப்பர் வச்சோம்."

"ரப்பர் அறுந்தா? நீங்க ஆபீஸ்ல இருப்பீங்க. எஞ்சின் என் காலு மேலல்லா வந்து விழும்."

திட்ட வாயெடுத்தேன். நைலான் கயிறு ஞாபகம் வந்தது.

"கட்டையை எடுக்க வேண்டாம்," என்றேன். "எஞ்சினுக்கும் கட்டைக்கும் நடுவுல ஒரு விரல் இடைவெளி வர்ற மாதிரி செதுக்கி, சட்டத்தோட சேத்து முடுக்குவோம். எஞ்சின் நடுவுல ஆடட்டும். ரப்பர் அறுந்தா கட்டை பிடிச்சுக்கும்."

அவர் யோசித்தார். "உங்க விரலா, என் விரலா?"

"என் விரல் போதும்."

மதியம் மேலதிகாரியையும் ஏற்றிக்கொண்டு படகை எடுத்தோம். கிளப்பியதும் எஞ்சின் குலுங்கியது. அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வேகம் ஏற ஏற அது அடங்கியது. கட்டைகளைத் தொடவே இல்லை. மேசைமேல் வைத்த டீயில் மெல்லிய வளையங்கள் எழுந்தன. டம்ளர் நகரவில்லை.

"இனிமே கரையில நின்னு வீட்டுக்காரி திட்டினாலும் கேக்கும் போல," என்றார் அவர், கத்தாமல்.

மேலதிகாரி டம்ளரைப் பார்த்துவிட்டு, "ரப்பரே இருக்கட்டும்," என்றார்.

அன்று சாயங்காலம் ஸ்டூல் போட்டு ஏறினேன். கயிற்றை அவிழ்த்து எறிய மனம் வரவில்லை. ஒரு சாண் தளர்த்திக் கட்டினேன். இறங்கிப் பார்த்து, மறுபடி ஏறி முடிச்சைச் சோதித்தேன். மாமியார் மகளைக் கிடத்தி, தொட்டிலை மெல்லக் கீழே அழுத்திவிட்டார். ஸ்பிரிங் நீண்டு சுருங்கிக் கிறீச்சிட்டது.